மார்கழிக் காலையில் மக்கர் பண்ணும் கார்... குற்றவாளி குளிர்தானா?

வீட்டு வண்டி - வாராந்திரத் தொடர்

"டக்."

அவ்வளவுதான் சத்தம். அப்பா சாவியைத் திரும்பவும் திருப்பினார். மறுபடியும் அதே "டக்." டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. இன்ஜின் மட்டும் அசையவே இல்லை.

அதிகாலை 4.50 மணி. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசல். அம்மா தண்ணீர் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்திருந்தார். கார் கண்ணாடி முழுக்கப் பனி. பின் சீட்டில் ஆயா, ஸ்வெட்டரும் தலையில் ஸ்கார்ஃபுமாக, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பையில் ஒரு போர்வை, ஃபிளாஸ்க், ஃபைல். செவ்வாய், வியாழன், சனி என வாரத்துக்கு மூன்று நாள் ஆயாவுக்கு டயாலிசிஸ். முதல் ஷிஃப்ட் 6 மணிக்கு. அதற்கு முன்னால் எடை பார்த்து, பிரஷர் பார்த்து, படுக்கைக்குப் போக வேண்டும்.

"என்னடா, எடுக்க மாட்டேங்குதா?" என்றார் ஆயா.

"குளிர்ல இறுகிக் கிடக்கும்மா. ரெண்டு தடவை அடிச்சா எடுத்துக்கும்" என்றார் அப்பா. எட்டு தடவை அடித்தார். எடுக்கவில்லை.

நானும் அப்பாவும் தெருமுனை வரை ஓடினோம். அந்த நேரத்தில் ஆட்டோ இல்லை. ஆப்பில் புக் செய்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பக்கத்துத் தெருவில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆட்டோக்கார அண்ணனை எழுப்பி, ஆயாவை ஏற்றி, மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது 6.35. நர்ஸ் அக்கா படுக்கையை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். ஆனால் அடுத்த ஷிஃப்ட் நோயாளி வந்து காத்திருப்பாரே! அன்றைக்கு ஆயாவுக்கு 4 மணி நேரத்துக்குப் பதில் மூன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. மறுநாள் முழுக்க அவர் கால் வீங்கியே இருந்தது.

எங்கள் வீட்டில் கார் சொகுசு இல்லை. வாரம் மூன்று காலை, ஆறு மணிக்குள் ஆயாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொருள் அது. அதனால்தான் இந்த வாரம் இந்த விஷயம்.

இங்கே எங்கே குளிர்?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். ஐவரும் சொன்னது ஒன்றுதான்: "குளிர்ப்பா! மார்கழி ஆச்சே!"

யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. புதுச்சேரியில் ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை பொதுவாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். ஊட்டியில் சில ஜனவரி இரவுகளில் சுழியத்தை ஒட்டி இறங்கி, புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கனடாவில் குளிர் கடுமையான மாநிலங்களில் இன்ஜினோடு 'பிளாக் ஹீட்டர்' பொருத்தி, ராத்திரியெல்லாம் காரை வீட்டு பிளக்கில் சொருகி வைக்கிறார்கள். அங்கே எல்லாம் கார் ஓடுகிறது. 20 டிகிரியில் நம் கார் ஓடவில்லை என்றால், குற்றவாளி குளிர் மட்டும் இல்லை.

அதற்காகக் குளிருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. குளிர் மூன்று இடத்தில் கை வைக்கும்.

முதலாவது, பேட்டரி. கார் பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும். இரண்டுக்கும் நடுவில் நடக்கும் வேதிவினையில்தான் மின்சாரம் வருகிறது. குளிர்ந்தால் வினை மந்தமாகும். சுழியம் டிகிரிக்குப் போனால் பேட்டரியின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இரண்டாவது, இன்ஜின் ஆயில். குளிரில் நெய் உறைவதைப் போல ஆயிலும் கெட்டியாகும். அதைக் கலக்கிக்கொண்டு இன்ஜினைச் சுற்ற அதிக பலம் வேண்டும். ஆயில் டப்பாவில் 5W-30 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'டபிள்யூ' என்பது 'விண்டர்', அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால், குளிரில் அந்த ஆயில் இளகலாக இருக்கும் என்று அர்த்தம்.

மூன்றாவது, எரிபொருள். பெட்ரோல் ஆவியானால்தான் பற்றும். குளிரில் ஆவியாவது குறையும். பழைய அம்பாசிடர், பத்மினி கார்களில் 'சோக்' என்று ஒரு குமிழ் இருக்கும். காலையில் அதை இழுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டுவதுதான் அதன் வேலை. இன்றைய கார்களில் சென்சார் ஒன்று இன்ஜினின் சூட்டை அளந்து சொல்ல, கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது.

இந்த மூன்றும் 20 டிகிரியில் கொஞ்சம்தான் பாதிக்கும். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் காருக்கு அது தெரியவே தெரியாது. ஏற்கெனவே சீக்காக இருக்கும் கார்தான் படுத்துவிடும். குளிர் நோயைக் கொடுப்பதில்லை, இருக்கும் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. அப்படியானால் நோய் எங்கிருந்து வந்தது?

பேட்டரியின் எதிரி வெயில்

பேட்டரிக்கும் புதுச்சேரிக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய-அமில பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்தார், அவ்வளவுதான். இன்றைக்கு நம் கார் பானெட்டுக்குள் இருப்பது அதன் வாரிசு. பிளான்டே காலத்தில் அதை வைத்து ஸ்டார்ட் செய்ய இப்போது நாம் ஓட்டும் கார்கள் இல்லை. பிறகு கார்கள் வந்தபோதும் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்பினார்கள். ஹேண்டில் திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். 1912-ல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் பேட்டரிக்கு இந்த வேலை வந்தது. நம் ஊரில் அதைத்தான் 'செல்ஃப்' என்கிறோம். செல்ஃப் எடுக்க, சிறிய காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். காரில் வேறு எந்தப் பாகமும் அவ்வளவு கேட்காது.

அந்த பேட்டரியைக் கொல்வது டிசம்பர் இல்லை. மே மாதம்! சூடு ஏற ஏற உள்ளே தகடுகள் வேகமாக அரிக்கும், தண்ணீர் ஆவியாகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. கத்திரி வெயிலில் தெருவில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே இழந்ததை பேட்டரி உடனே சொல்லாது. இன்ஜின் ஆயில் இளகி, எல்லாமே சுலபமாக இருக்கும் வெயில் காலத்தில் சமாளித்துவிடும். மார்கழியில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் நம் ஊரின் அளவு. புதுச்சேரி டவுன் சின்னது. குருசுக்குப்பத்தில் இருந்து பெரிய மார்க்கெட், அங்கிருந்து நேரு வீதி என்று எங்கே போனாலும் பத்து நிமிடம். பல வீடுகளில் தினசரி வேலைக்கு ஸ்கூட்டர்தான், கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். நிறுத்தி வைத்தாலும் காரின் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். ஒரு கணக்கு போடுவோம். நிற்கும் கார் 50 மில்லி ஆம்பியர் எடுத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. ஏழு நாளைக்கு 8.4. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி. ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி காலி! பிறகு பத்து நிமிடம் ஓட்டினால் அது திரும்ப நிறையாது. அதிலும் டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி என்று கூடுதலாக மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, உப்பு. கடற்கரையில் இருந்து நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின், எதையும் அது விடாது. கார் ஒயர் முனைகளை மட்டும் விட்டுவிடுமா?

"செல்ஃப் போச்சு சார்!"

செவ்வாய்க்கிழமை மதியம் அப்பா ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார். இதற்குள் வெயில் ஏறியிருந்தது. ஆள் வந்து சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காத மாதிரி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது கார்! அப்பாவுக்கு மானமே போன மாதிரி ஆகிவிட்டது. வந்தவர் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார். "செல்ஃப் போச்சு சார். பேட்டரியும் வீக். ரெண்டையும் மாத்திடுங்க. 11,000 ஆகும்" என்றார். மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்றவர். 11,000 என்றதும் முகம் மாறியது. "பேசாம வித்துட்டு ஆட்டோவுலயே போயிடலாம்மா" என்றார் என்னிடம், ஆயாவுக்குக் கேட்காத குரலில்.

அன்று சாயங்காலம், எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பேட்டரி வாங்கி எத்தனை வருஷம்?" ஒன்றரை வருடம் என்றேன். இரண்டாவது கேள்வி: "மதியம் எடுக்குது, காலையில எடுக்கலையா?" ஆமாம் என்றேன். "அப்ப இப்ப வந்து பார்த்துப் பிரயோஜனம் இல்ல பாப்பா. வண்டி தூங்கி எழுந்திரிக்கிற நேரத்துலதான் பார்க்கணும். நாளைக்குக் காலையில பீச்ல வாக்கிங் முடிச்சிட்டு அப்படியே வர்றேன். அதுவரைக்கும் யாரும் சாவி போடாதீங்க."

புதன்கிழமை 5.30 மணி. கையில் ஒரு மல்ட்டிமீட்டரோடு வந்தார். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். 12.5 வோல்ட்.

"பேட்டரி நல்லாதான் இருக்குண்ணே. 12.6 இருந்தா ஃபுல். 12.2ன்னா பாதி. 12-க்குக் கீழ போனாத்தான் காலின்னு அர்த்தம்" என்றார் அப்பாவிடம்.

பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை இன்ஜினின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, "சாவி போடுங்கண்ணே" என்றார். "டக்." மீட்டர் 4 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது.

"கால் வோல்ட் காட்டலாம். இது நாலு காட்டுது. அப்படின்னா டேங்க்ல தண்ணி இருக்கு, குழாய்லதான் அடைப்பு. பேட்டரியில இருந்து கிளம்புற 12 வோல்ட்ல மூணுல ஒரு பங்கு வழியிலயே போயிடுது. செல்ஃப் எப்படிச் சுத்தும்?"

காருக்கு அடியில் டார்ச் அடித்தார். பேட்டரி மைனஸில் இருந்து இன்ஜினுக்குப் போகும் 'எர்த் ஒயர்' ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தது. அந்த போல்ட்டைச் சுற்றித் துரு. ஒயரை லேசாக இழுத்ததும், உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

"வண்டி எப்பவாவது தண்ணியில நின்னுச்சாண்ணே?"

அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. அன்றைக்கு எங்கள் கார் ரெயின்போ நகரில் அத்தை வீட்டு வாசலில் நின்றது. அரை டயர் வரை தண்ணீர். வடிந்த பிறகு கழுவித் துடைத்து ஓட்டிக்கொண்டு வந்தோம். சீட் நனையவில்லை, இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, தப்பித்தோம் என்று நினைத்திருந்தோம். அடியில் நனைந்த அந்த ஒயர் நாள்தோறும் உப்புக் காற்றில் அரித்து, அடுத்த மார்கழியில் வந்து நின்றிருக்கிறது.

காலையில் ஈரமும் கெட்டியான ஆயிலும் சேர்ந்து சுமை கூடும்போது அந்த ஒயரால் முடியவில்லை. மதியம் கொஞ்சம் லேசாகும், எப்படியோ தள்ளிவிடும். அவ்வளவுதான் விஷயம். புது எர்த் ஒயர், போல்ட் இருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தது, கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய். செல்ஃபும் பேட்டரியும் அப்படியே இருக்கின்றன.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

அந்த அண்ணன் ஒயர் மாற்றும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது, "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன சத்தம் வந்தது என்று சொல்லுங்கள்.

* "டக்" என்று ஒரே ஒரு சத்தம்: மின்சாரம் போதுமான அளவு செல்ஃபுக்குப் போகவில்லை, அல்லது செல்ஃபே பழுது. முதலில் பேட்டரி முனைகளையும் எர்த் ஒயரையும் பாருங்கள். செல்ஃபைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

* "டக்டக்டக்டக்" என்று வேகமாக: பெரும்பாலும் பேட்டரி டவுன். சாவி திருப்பும்போது டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் உறுதி.

* "ர்ர்ர்... ர்ர்ர்..." என்று இழுத்து இழுத்து: பேட்டரி வயதாகிவிட்டது, அல்லது சார்ஜ் பாதிதான் இருக்கிறது.

* செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பற்றவில்லை: பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் பிளக் எப்படி இருக்கிறது, இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எலி ஒயரைக் கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

* சத்தமே இல்லை: கிளட்ச்சை முழுதாக மிதித்தீர்களா? ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பி'யில் இருக்கிறதா? பட்டன் ஸ்டார்ட் காரில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தாலும் இப்படி ஆகும். பல கார்களில் சாவியை பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை 20 நிமிடம்

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். செய்முறை இதுதான்.

1. இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. பேட்டரியில் இருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும்.

2. முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். நவீன கார்களில் கழற்றினால் ரேடியோ, கடிகாரம் போன்றவற்றைத் திரும்ப செட் செய்ய வேண்டியிருக்கலாம். கார் கையேட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைக்கும். அமிலம் முறிகிறது என்று அர்த்தம். பேட்டரியின் மூடி வழியே அந்தத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

4. நன்றாகத் துடைத்து, காயவிட்டு, முதலில் பிளஸ், பிறகு மைனஸ் மாட்டுங்கள். கையால் அசைத்தால் கிளாம்ப் ஆடக் கூடாது. மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். உப்புக் காற்றுக்கு அதுதான் குடை.

5. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் திறக்கவே வேண்டாம்.

இதோடு, வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரை ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தால் பேட்டரிக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துச் சும்மா ஐந்து நிமிடம் உறுமவிடுவதில் பெரிய பயன் இல்லை. ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.5-ல் இருந்து 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் படுத்துவிடும்.

பேட்டரி வாங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டால், ஐப்பசி மழைக்கு முன்பே கடையில் 'லோடு டெஸ்ட்' செய்து பார்த்துவிடுங்கள். அடைமழையிலோ அதிகாலையிலோ தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

அப்படியும் எடுக்கவில்லை என்றால்..?

ஏசி, விளக்கு, பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். சாவியை 'ஆன்' வரை திருப்பி மூன்று விநாடி பொறுங்கள். பெட்ரோல் பம்ப் வேலை செய்ய அந்த நேரம் வேண்டும். கிளட்ச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள், ஆயிலின் சுமை கொஞ்சம் குறையும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். எங்கள் அப்பா மாதிரி விடாமல் எட்டு தடவை அடித்தால் செல்ஃப் சூடாகி, நிஜமாகவே போய்விடும்.

ஜம்ப்பர் கேபிள் இருந்தால், சிவப்பை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டிவிட்டு, அதன் மறுமுனையை ஓடாத காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியைவிட்டுத் தள்ளி மாட்டுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது என்றால் மேனுவல் கியர் காரில் மட்டும், இரண்டாவது கியரில். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை. கார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் இது எதையும் செய்யாதீர்கள். சாவியே போடாமல் டோ செய்து கொண்டுபோவதுதான் வழி. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் உள்ளே இருக்கும் ராடு வளைந்து, சில ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகும்.

பொங்கல் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் கிளம்புகிறவர்கள், கடலோர வெயிலில் வாடிய பேட்டரியோடு மலை ஏறுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். இங்கே இழுத்து இழுத்து எடுக்கும் கார், அங்கே நிச்சயம் எடுக்காது. டீசல் கார் என்றால், சாவி போட்டதும் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். லடாக்கில் டீசலே கெட்டியாகிவிடும். அதற்காக 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை அங்கே அறிமுகப்படுத்தியது. ஊட்டிக்கு அதெல்லாம் தேவையில்லை. நல்ல பேட்டரியும் சுத்தமான முனைகளும் போதும்.

வியாழக்கிழமை, 4.50

கோலம், பனி, துணிப்பை எல்லாம் அப்படியே. அப்பா உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொண்டு ஒரு விநாடி தயங்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரே திருப்பு. எடுத்துக்கொண்டது.

ஆயா பின்னால் இருந்து, "குளிர் விட்டுப்போச்சா?" என்றார்.

"குளிர் அப்படியேதான் இருக்கும்மா. வண்டிக்குத்தான் சரியாச்சு" என்றார் அப்பா.

5.35-க்கே மருத்துவமனையில் இருந்தோம். அன்றைக்கு ஆயாவுக்கு முழுதாக 4 மணி நேரம் கிடைத்தது.

அந்த வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம், காரைப் பற்றியது இல்லை. எவ்வளவு நல்ல வண்டியும் ஒருநாள் காலை வாரும். செவ்வாய்க்கிழமை எங்களை ஏற்றிப்போன ஆட்டோக்கார அண்ணனின் நம்பர் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. "எத்தனை மணிக்குன்னாலும் அடிங்க" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் அதிகாலையில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் இருந்தால், அப்படி ஒரு நம்பரை இன்றைக்கே வாங்கி ஒட்டி வையுங்கள். பானெட்டை ஞாயிற்றுக்கிழமை திறந்துகொள்ளலாம்.